கோரஸுக்குச் செலவு யார் தலையில்?

கி.மு. 5ஆம் நூற்றாண்டு ஏதென்ஸில் நாடகம் போட விரும்பிய கவிஞர் முதலில் ஆர்க்கோனிடம் போக வேண்டும். ஆர்க்கோன் அந்த ஆண்டின் தலைமை அதிகாரி. ஆண்டையே அவர் பெயரால்தான் குறித்தார்கள். அவர் மூன்று துன்பியல் கவிஞர்களைப் பொறுக்கி எடுத்து ‘கோரஸ் கொடுப்பார்’; கோரஸ் என்றால் நாடகத்தில் ஆடிப் பாடும் குழு. அது கிடைத்தவருக்குத்தான் தியோனிசஸ் கடவுளுக்கான வசந்தகாலத் தியோனிசியா விழாவின் நாடகப் போட்டியில் இடம். ஆளுக்கு மூன்று துன்பியல் நாடகம், கூடவே சாட்டிர் கூத்து என்ற கேலி நாடகம் ஒன்று.

கவிஞர்களைத் தேர்ந்த கையோடு, பணம் போட ஆளையும் ஆர்க்கோனே பிடித்தார். பணக்காரக் குடிமகன் ஒருவரை ‘கோரேகோஸ்’ ஆக்கிவிடுவார். ஆடிப் பாடும் 12 பேர் (பிறகு 15, இன்பியல் என்றால் 24), அவர்களுக்குச் சாப்பாடு, பயிற்சிக்கு இடம், பயிற்றுநர் சம்பளம், உடை, முகமூடி எல்லாம் அவர் பொறுப்பு. நடிகர்களின் கூலியை மட்டும் அரசு கொடுத்தது. கோரஸில் ஆடுவோர் ஏதென்ஸ் குடிமக்களாகவே இருக்க வேண்டும்; பயிற்சிக் காலத்தில் அவர்களைப் போருக்கு அழைப்பதில்லை.

எவ்வளவு செலவாகும்? லிசியாஸ் எழுதிக் கொடுத்த ஒரு வழக்குரையில் கணக்கே இருக்கிறது. கட்சிக்காரர் கி.மு. 410 வாக்கில் துன்பியல் கோரஸுக்குக் கொடுத்தது 3,000 டிராக்மா. சில ஆண்டு கழித்து இன்பியலுக்கு 1,600. ஐம்பது ஆண்கள் சேர்ந்து ஆடிப் பாடும் டித்திராம்பு என்ற துதிப்பாட்டுக்கு, வெற்றி முக்காலி நிறுத்தியதையும் சேர்த்து, 5,000. அப்போது கைதேர்ந்த தொழிலாளியின் நாள்கூலி ஒரு டிராக்மா. 3,000 என்றால் எட்டு ஆண்டுக்கு மேல் தினமும் உழைத்த கூலி. (தன் தாராளத்தை நீதிமன்றத்தில் சொல்லிக்காட்டுபவர் கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருப்பார் என்பது என் எண்ணம்.)

தப்பிக்க ஒரு வழி இருந்தது. ‘என்னைவிட அவன்தான் பணக்காரன்’ என்று இன்னொருவரைக் கைகாட்டலாம். அவர் ஒன்று பொறுப்பை ஏற்க வேண்டும், அல்லது சொத்தை மாற்றிக்கொள்ளச் சம்மதிக்க வேண்டும்; இரண்டுக்கும் மறுத்தால் வழக்கு. சொத்தை மறைப்பவனைப் பிடிக்க இதைவிடக் குறும்பான சட்டம் எனக்குத் தெரிந்து இல்லை.

இவ்வளவு பணமும் மானமும் புரண்ட இடத்தில் லஞ்சம் தலைகாட்டாமல் இருக்குமா? அதனால்தான் நடுவர் தேர்வில் அத்தனை பூட்டு. பத்துக் குலங்களிலிருந்தும் பெயர்கள் எடுத்துப் பத்து ஜாடிகளில் போட்டு முத்திரையிட்டு அக்ரோபோலிஸில் வைத்தார்கள். போட்டியன்று ஜாடிக்கு ஒரு பெயர் எடுத்தால் பத்து நடுவர்கள். முடிவில் அவர்கள் எழுதிக் கொடுத்த பத்துத் தீர்ப்புகளிலும் ஐந்தை மட்டும் குலுக்கி எடுத்து எண்ணினார்கள். யாரை வளைத்தாலும் அவர் ஓட்டு எண்ணப்படும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. கோளாறும் அங்கேதான். போட்டி இருவருக்குள் என்று வைத்துக்கொள்வோம். ஆறு பேர் ஒருவருக்கும் நால்வர் மற்றவருக்கும் எழுதியிருந்தால், அந்த நால்வர் பக்கம் ஜெயிக்க நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. துன்பியல் கவிஞர் யூரிப்பிடிஸ் உயிரோடிருந்தபோது நான்கே முறை முதற்பரிசு வாங்கினார் என்று படிக்கும்போது இந்தக் குலுக்கலையும் நினைத்துக்கொள்ள வேண்டும்.

நடுவரை வளைக்க முடியாதவர்கள் கோரஸைக் குலைக்கப் பார்த்தார்கள். கி.மு. 4ஆம் நூற்றாண்டின் நடுவில் பேச்சாளர் டெமோஸ்தனிஸ் கோரேகோஸாக இருந்தபோது, மெய்டியாஸ் என்பவர் பொற்கொல்லர் வீட்டில் புகுந்து உடைகளையும் கிரீடங்களையும் நாசமாக்கினார், பயிற்றுநரை விலைக்கு வாங்கினார், கடைசியில் அரங்கிலேயே தன் முகத்தில் குத்தினார் என்று டெமோஸ்தனிஸ் குற்றம் சாட்டினார். விழா முடிந்ததும் அதே அரங்கில் மக்கள் சபை கூடும். விழாவில் நடந்த முறைகேடுகளை விசாரிப்பதும் அதன் வேலை. மெய்டியாஸ் மீது சபை கண்டனம் நிறைவேற்றியது.

ஜெயித்த கவிஞருக்கு ஐவிக்கொடி மாலை. டித்திராம்பில் ஜெயித்த கோரேகோஸுக்கு வெண்கல முக்காலி. அதை நிறுத்தும் மேடைக்கான செலவும் அவருடையதே. கி.மு. 334 வாக்கில் லிசிக்ரேட்டிஸ் எழுப்பியது இன்றும் ஏதென்ஸில் நிற்கிறது. குலம், குழல் வாசித்தவர், பயிற்றுநர், ஆர்க்கோன் எல்லாரும் அந்தக் கல்வெட்டில் உண்டு. முதல் பெயர் செலவழித்தவருடையது.