பெட்டி கட்டிய பிறகு ஃபேக்குலா தெரிந்துவிட்டது: சூரிய புரொஜெக்‌ஷன் குறிப்புகள்

ஃபேக்குலா, அதாவது சூரியப் பரப்பின் வெளிச்சத் திட்டுகள், தெரிந்துவிட்டது. சூரியனின் விளிம்பை ஒட்டிய ஒரு கரும்புள்ளிக் கூட்டத்தைச் சுற்றி, நரம்பு நரம்பாக வெளுத்த திட்டுகள், வெறும் தாளில். வடிகட்டி எதுவும் போடவில்லை, புரொஜெக்‌ஷன் மட்டும்தான். தொலைநோக்கி வழியாக வரும் சூரிய பிம்பத்தைத் தாளில் விழவிட்டுப் பார்க்கிற இந்த முறையில் அதெல்லாம் தெரியாது, முன்பக்கம் சூரிய வடிகட்டி ஃபிலிம் மாட்டினால்தான் உண்டு என்று பலர் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தெரிகிறது, பக்கத்தில் நின்று பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரிந்தது. தொலைநோக்கி பழையதுதான், ஐபீஸும் (கண் வைக்கும் பக்கத்து லென்ஸ்) பழையதுதான். புதிதாக வந்தது திரையைச் சுற்றிக் கட்டிய பெட்டி ஒன்றுதான், அதனால் இந்தப் பதிவு முழுக்கப் பெட்டியைப் பற்றித்தான் இருக்கும்.

கருவி: 70 மி.மீ. ரிஃப்ராக்டர் (லென்ஸ் தொலைநோக்கி), குவியத் தூரம் 900 மி.மீ., முன்னால் 50 மி.மீ. துளை போட்ட தடுப்பு இறுக்கமாக மாட்டியிருக்கிறது. 25 மி.மீ. ஹைஜென்ஸ் ஐபீஸ், ஒளியைத் திருப்பிவிடும் டயகனல் கிடையாது, நேராகவே. ஃபைண்டரை (குறிபார்க்கும் சிறு தொலைநோக்கி) கழற்றிவிடுவது, குழாயின் நிழலைச் சிறிதாக்கிக் குறிபார்ப்பது, எந்தச் சூழ்நிலையிலும் ஐபீஸ் பக்கம் கண்ணைக் கொண்டு போகாதது எல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. நான் கூடுதலாக ஒன்று செய்கிறேன்: தொலைநோக்கியை விட்டு ஓரடி நகர்ந்தாலும் முன்மூடி போட்டுவிடுவேன், யார் என்ன அவசரம் சொன்னாலும் சரி.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பிம்பம் மங்கலாக இருந்தால் நம் கை முதலில் போவது ஐபீஸுக்குத்தான், இன்னும் பெரிதாக்கலாம் என்று. அது எதிர்த்திசை. கணக்குப் போட்டுப் பாருங்கள். 50 மி.மீ. துளை வழியாக வருகிற வெளிச்சத்தை 150 மி.மீ. வட்டமாக விரித்தால் பிம்பத்தின் பிரகாசம் நேர் வெயிலில் 9-ல் ஒரு பங்கு, கண்ணாடிகளில் இழப்பது போக இன்னும் குறைவு. அதே சமயம், நேர் வெயில் படாமல் நிழலில் வைத்த ஒரு வெள்ளைத் தாளில் வானத்திலிருந்து மட்டும் விழும் வெளிச்சம் வெயிலில் ஏறக்குறைய 10-ல் ஒரு பங்கு இருக்கும். ஆக, சூரிய பிம்பமும் அதன்மேல் கொட்டுகிற வான வெளிச்சமும் கிட்டத்தட்ட சரிசமம்! புள்ளியின் நடுவில் இருக்கும் கருநிழல் பகுதி எவ்வளவு கறுப்பாக இருந்தாலும் தாளில் பாதி வெளுப்பாகத்தான் விழும், சுற்றியுள்ள புறநிழல் சுற்றுப்புறத்தோடு கரைந்துபோகும். ஃபேக்குலா விளிம்பருகே கூட ஒளிக்கோளத்தைவிட (நம் கண்ணுக்குத் தெரியும் சூரியப் பரப்பு) கொஞ்சம்தான் பிரகாசம், அதில் பாதி போனால் மிச்சம் என்ன? இதில் பிம்பத்தை 300 மி.மீ. ஆக்கினால் பிரகாசம் 36-ல் ஒரு பங்காகிவிடும், வான வெளிச்சம் அப்படியே இருக்கும்.

குழாயின் நடுவில் மாட்டுகிற பெரிய அட்டைத் தட்டி நேர் வெயிலை மட்டும்தான் மறைக்கும். பல விளக்கங்கள் அதோடு நின்றுவிடுகின்றன, அதுதான் எனக்குக் கோபம். நான்கு பக்கமும் வானம் திறந்து கிடக்கும்போது முன்னால் ஒரு தட்டி போதுமா?

பெட்டி 5 மி.மீ. ஃபோம் போர்டில். ஐபீஸ் பக்கம் சிறிய வாய், திரைப் பக்கம் 20 செ.மீ. சதுரம், நீளம் அரை மீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். உள்ளே முழுக்க மேட் கறுப்பு. கறுப்பு வெளிவெளிச்சத்துக்காக என்று நினைத்துவிட வேண்டாம், அதற்குப் பெட்டியின் சுவரே போதும். பிம்பம் விழும் தாளே வெளிச்சத்தைச் சுற்றிலும் சிதறடிக்கும், அது சுவரில் பட்டு மறுபடி தாளுக்கு வரும், அதை விழுங்கத்தான் கறுப்பு. சாதாரண கறுப்பு அட்டை சாய்வாகப் பார்த்தால் பளபளக்கிறது. கறுப்பு வெல்வெட் துணி மிகவும் மேல், ஆனால் எடை கூடுகிறது, ஒட்டும்போது சுருங்கித் தொலைக்கிறது.

ஜன்னல்தான் எனக்குப் பிடிவாதமாகத் தொல்லை கொடுத்த இடம். பக்கச் சுவரில், திரைக்கு அருகே, கண்ணால் பார்க்கவும் பென்சிலோடு கை நுழையவும் ஒரு திறப்பு வேண்டும். பெரிதாக வெட்டினால் வெளிச்சம் உள்ளே வரும், சிறிதாக வெட்டினால் திரையின் ஒரு ஓரம் மறையும். அதைவிட முக்கியம், ஜன்னல் வழியாக எட்டிப் பார்க்கிற யாருக்கும் ஐபீஸின் கண்ணாடி தெரியவே கூடாது. குழந்தைகள் தலையை உள்ளே விட்டுத் திரும்பிப் பார்க்கும், அது இயல்பு. அதனால் ஜன்னலுக்கும் ஐபீஸுக்கும் நடுவே, ஒளிக்கூம்பைத் தொடாத அளவில், உள்ளே ஒரு குறுக்குத் தடுப்பு. நடுவில் வட்டத் துளை, ஒளி போகிற அளவுக்கு மட்டும். ஜன்னலையும் ஒரு தலை நுழையாத அகலத்துக்குக் குறைத்து, வெளியே கறுப்புத் துணித் திரை தொங்கவிட்டேன். துணியைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தால் அந்தப் பழைய ஸ்டுடியோ கேமராக்காரர் மாதிரிதான், ஆனால் கண் இருட்டுக்குப் பழகியதும் புறநிழலின் இழை அமைப்பு எட்டிப்பார்க்கிறது. 50 மி.மீ. துளையில் பிரிதிறன் சுமார் 2.3 விகலை (ஒரு பாகையில் 3600-ல் ஒரு பங்கு ஒரு விகலை), எனவே சூரியப் பரப்பின் நுண்ணிய மணி மணியான அமைப்பை எதிர்பார்க்கவே இல்லை. புறநிழல் இத்தனை தெளிவாக வந்ததே பெரிது.

எடை ஒரு பிரச்சினை. பெட்டியை ஃபோகஸரில் (ஐபீஸ் மாட்டும் நகரும் குழாய்) தொங்கவிட்டால் குழாய் வளைந்து பிம்பம் நீள்வட்டமாகும். குழாய் வளையங்களிலிருந்து இரண்டு அலுமினியச் சட்டம் நீட்டி அதில் உட்காரவைத்திருக்கிறேன், முன்பக்கம் எதிர் எடை. திரை ஒளி வரும் திசைக்குச் செங்குத்தாக இருக்கிறதா என்பதற்குத் தனிக் கருவி வேண்டாம். தாளில் கவராயத்தால் வரைந்த வட்டத்தை பிம்பம் நான்கு பக்கமும் சமமாகத் தொட வேண்டும். 10 பாகை சாய்ந்தால் 150 மி.மீ. வட்டத்தில் 2 மி.மீ.க்கு மேல் நீண்டுவிடும், கண்ணுக்கே தெரியும்.

வட்டம் 152 மி.மீ., அதாவது 6 அங்குலம், புள்ளி வரைபவர்களின் வழக்கமான அளவு. அந்த அளவில் பூமியை வைத்தால் 1.4 மி.மீ., கூர் மழுங்கிய பென்சில் புள்ளி. ஆங்கில வானியலாளர் ஜெரமையா ஹோராக்ஸ் 1639-ல் வெள்ளிக் கோள் சூரியனுக்குக் குறுக்கே கடந்ததைப் பார்த்தபோதும் தாளில் 6 அங்குல வட்டம்தான் வரைந்து வைத்திருந்தார், அதுவும் இருட்டாக்கிய அறைக்குள் பிம்பத்தை விழவிட்டு. இருட்டு வேண்டும் என்பது அன்றே தெரிந்திருக்கிறது, நாம் இன்றும் திறந்த வெளியில் தாளை நீட்டிக்கொண்டு நிற்கிறோம்.

ஐபீஸ் பற்றி ஒரு புலம்பல். புரொஜெக்‌ஷனுக்கு ஹைஜென்ஸ் அல்லது ராம்ஸ்டன்தான் நல்லது, ஒட்டுக் கண்ணாடி இல்லாதவை. ப்ளாஸல், கெல்னரில் ஒட்டுப்பசை சூட்டில் கெடலாம். ராம்ஸ்டனில் முன் கண்ணாடி குவிய தளத்தை ஒட்டியே இருப்பதால் அதன் தூசி அத்தனையும் கூர்மையாகத் திரையில் விழும், எனவே என் ஓட்டு ஹைஜென்ஸுக்கு. நல்ல பழைய ஹைஜென்ஸ் இப்போது இரண்டாம் கையில்தான் கிடைக்கும், பெரும்பாலும் 24.5 மி.மீ. பீப்பாயில், அடாப்டர் தனியாக வாங்க வேண்டும். ஒரு விற்பனையாளர் முழு உலோகம் என்று சொல்லி அனுப்பியதைத் திருகித் திறந்தால் உள்ளே ஃபீல்டு ஸ்டாப், அதாவது பார்வைப் புலத்தின் ஓரத்தை வெட்டும் வளையம், பிளாஸ்டிக். சூரியன் நகர்ந்து புலத்தின் ஓரத்துக்குப் போகும்போது குவிந்த ஒளி நேரே அந்த வளையத்தில்தான் விழும், உருகிவிடும். வாங்கியதும் திறந்து பாருங்கள். குட்டையான குழாய் வைத்திருப்பவர்கள் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும்: அதே துளைக்கு 300 மி.மீ. குவியத் தூரம் என்றால் குவியத்தில் சூரியப் பிம்பம் பரப்பளவில் என்னுடையதில் 9-ல் ஒரு பங்கு, சூடு 9 மடங்கு. மூடிய குழாய் கொண்ட ஷ்மிட்-காஸ்கிரெய்ன், மக்ஸுதோவ் வகைத் தொலைநோக்கிகளில் இந்த வேலையே வேண்டாம். ஐபீஸில் திருகுகிற கறுப்பு சூரிய வடிகட்டி பழைய பெட்டியில் எங்காவது கிடந்தால் உடைத்துக் குப்பையில் போடுங்கள், அது சூட்டில் விரிசல் விடும், விடுகிற நேரத்தில் கண் பின்னால் இருக்கும்.

வரைவது இப்போது சுகமாக இருக்கிறது. மவுண்ட் மோட்டாரை நிறுத்தி, ஒரு புள்ளியைக் கிழக்கு-மேற்குக் கோட்டில் ஓடவிட்டு, கோட்டிலேயே ஓடும்வரை தாளைத் திருப்புகிறேன். சூரியன் தன் விட்டத்தைக் கடக்க 2 நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதல், அவசரமே இல்லை. சின்னஞ்சிறு புள்ளியா, தாளின் குற்றமா என்ற சந்தேகம் வந்தால் தாளை லேசாக ஆட்டுங்கள், கூடவே ஆடுவது தாளுடையது. ஐபீஸைச் சுழற்றினால் சுற்றுவது தூசி. இரண்டுக்கும் அசையாமல் நிற்பதுதான் சூரியனுடையது. பெட்டிக்கு முன் இந்தச் சோதனை அடிக்கடி தேவைப்பட்டது, இப்போது எப்போதாவதுதான்.

அடுத்தது ஸ்டோனிஹர்ஸ்ட் வலைத்தாள்களை (சூரியனின் அட்ச, தீர்க்க ரேகைகள் வரைந்த தாள்கள்) 152 மி.மீ.க்கு அச்சிட்டு புள்ளிகளின் அட்சரேகை எடுப்பது. புள்ளிகள் கூடிக் குறையும் சுமார் 11 ஆண்டுச் சுழற்சிகளில் 25-ஆம் சுழற்சியின் உச்சம் 2024-ல் கடந்துவிட்டதால் கூட்டங்கள் இனி மெல்ல மெல்ல சூரியனின் நடுக்கோட்டை நோக்கி இறங்க வேண்டும், அதை என் சொந்த வரைபடங்களிலேயே பார்த்துவிட ஆசை. புள்ளிகளின் அளவைச் சொல்லும் உல்ஃப் எண்ணும் சேர்த்து எழுதத் தொடங்கியாயிற்று: கூட்டங்களை 10-ஆல் பெருக்கி, புள்ளிகளைக் கூட்டினால் சரி.

ஆனால் பெட்டியே இன்னும் முடியவில்லை. சூரியனின் தோற்ற விட்டம் ஜனவரியில் 32.5 கலை (ஒரு பாகையில் 60-ல் ஒரு பங்கு ஒரு கலை), ஜூலையில் 31.5, அதனால் பிம்பத்தை எப்போதும் 152-லேயே நிறுத்தத் திரை சுமார் 15 மி.மீ. முன்பின் நகர வேண்டும். இப்போது திரை 48 செ.மீ. தொலைவில் ஒட்டி நிற்கிறது. நகரும் சட்டத்துக்கான இறக்கைத் திருகுகள் வந்துவிட்டன, நீளத் துளை போட அரம் வேண்டும், அப்புறம் அந்த வெல்வெட்டையும் சுருக்கமில்லாமல் ஒட்டிப் பார்க்க வேண்டும்.