வன்னி நாய்க்கு எது புது இறைச்சி?

வன்னியில் கால்நடை வைத்தியர் என்றால் மாடும் ஆடும்தான் முதல் வேலை. நாயை உரப்பையில் கழுத்து மட்டும் வெளியே தெரியக் கட்டி, மோட்டார் சைக்கிளில் வைத்துக் கொண்டுவருவார்கள். கிளிநொச்சிப் பக்கம் நான் வேலை செய்தபோது அப்படி வந்த நாய்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தவை மாதக்கணக்கில் வயிற்றோட்டம் நிற்காதவை. விலா எலும்பு எண்ணலாம், ஆனால் சாப்பாட்டு ஆசை குறைந்திருக்காது. மெட்ரோனிடசோல் என்ற கிருமிகொல்லி மருந்து கொடுக்கிற நாட்களில் வயிற்றோட்டம் நிற்கும், மருந்தை நிறுத்தினால் திரும்ப வரும். அந்த மருந்து குடலில் இருக்கும் நல்ல கிருமிகளையும் அழிக்கிறது, அதனால் திரும்பத் திரும்பக் கொடுப்பது எனக்குப் பிடிப்பதேயில்லை.

3 வாரத்துக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட நோய். முதலில் மலத்தைப் பார்த்து கொக்கிப் புழு, ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி இல்லையென்று உறுதி செய்யவேண்டும். அல்சேஷன் நாய் வெளிறின, எண்ணெய்ப் பிசுக்கான மலம் நிறையப் போனால் கணையத்தைச் சந்தேகிக்கவேண்டும். இதெல்லாம் இல்லையென்றால் அடுத்த மருந்துக்குப் போகமுதல் சாப்பாட்டை மாற்றுங்கள். இப்படிப்பட்ட நாய்களில் பெரும்பங்கு அதிலேயே குணமாகும். குடலுக்கு 2 வாரம் போதும், மாற்றம் தெரிந்துவிடும்.

மாற்றுவது என்றால், அந்த நாய் இதுவரை தின்னாத இறைச்சி ஒன்று, மாப்பொருள் ஒன்று, வேறு எதுவும் இல்லை. இங்கேதான் சிக்கல். மாட்டிறைச்சி ஒவ்வாமை தரும், மீன் நல்லது என்று வெளிநாட்டுப் புத்தகங்கள் சொல்லும், ஏனென்றால் அங்கே நாய்கள் மாட்டிறைச்சி தின்று வளர்கின்றன. ஒவ்வாமை பழகின உணவுக்குத்தான் வரும். நம்முடைய நாய் குட்டியிலிருந்தே குளத்து மீன் தலையும் கருவாடும் கோழிக்குடலும் தின்றது, அதற்கு மீனில் என்ன புதுமை? மாட்டிறைச்சி புதிதுதான், ஆனால் சைவ வீட்டு அடுப்பில் அது ஏறாது. அதனால் நான் கொழுப்பு நீக்கின ஆட்டிறைச்சியும் வத்தாளங்கிழங்கும் (சர்க்கரைவள்ளி) சொல்வேன். உப்பு, வெங்காயம், தேங்காய்ப்பால் எதுவும் வேண்டாம், அவித்து நாளுக்கு 3 தடவை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் சரி.

விலை பெரிய தடைதான். அதைவிடப் பெரிய தடை வீட்டு ஆட்கள். வட்டக்கச்சியிலிருந்து வந்த ஒரு பெண், "நீங்கள் சொன்னது மட்டும்தான் குடுக்கிறம் டொக்டர்" என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். பக்கத்தில் நின்ற சின்னப் பிள்ளை, "அம்மம்மா பின்னேரம் தேத்தண்ணியில பாண் தோய்ச்சுக் குடுக்கிறவ" என்றது. அந்தப் பால்தேத்தண்ணிப் பாணே 2 வாரத்தையும் வீணாக்கிவிடும். அதன்பின் நான் அம்மம்மாவையும் கூட்டிவரச் சொல்லி அவவிடமே விளங்கப்படுத்தினேன், "சரி தம்பி, இனிக் குடுக்கேல்லை" என்றார். நாயையும் கட்டி வைத்தார்கள், அவிழ்த்துவிட்டால் அயல்வீட்டு மீன் குப்பையில்தான் நிற்கும்.

மலம் இறுகியது. அப்புறம் பழைய சாப்பாட்டை ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுத்துப் பார்த்தோம்: சோறு பிரச்சினையில்லை, முட்டை பிரச்சினையில்லை, மீன் கொடுத்ததும் வயிறு குழம்பியது. ஆட்டிறைச்சியை எப்போதும் வாங்க அவர்களால் முடியாது, அதனால் முட்டையும் சோறும் பூசணியும் என்று நிலைநிறுத்தினோம். இப்படி வீட்டுச் சாப்பாடு மட்டும் நெடுநாள் போனால் கல்சியம் குறையும், அதற்கு முட்டைக் கோதை வறுத்து நன்றாகப் பொடியாக்கிக் கலக்கச் சொன்னேன், விற்றமின் பி12 ஊசியும் போட்டேன்.