நிலைக்கு மேலே 4 அங்குலம்

என் சித்தப்பா பெரம்பூரில் 40 ஆண்டுகளாகத் தச்சு வேலை செய்பவர். அவர் வாசல் நிலை வைத்த வீடுகள் வில்லிவாக்கம், கொளத்தூர் வரை இருக்கின்றன. சென்ற ஜூன் மாதம் அவரோடு அலாஸ்கா போய்வந்தேன். ஃபேர்பேங்க்ஸ் நகரில் வேலை பார்க்கும் அவர் மகன், காட்டுக்குள் மரங்களை அடுக்கி ஒரு வீடு கட்டுகிறான். மின்கம்பியும் கிடையாது, தண்ணீர்க் குழாயும் கிடையாது. "உனக்கு எதற்கடா இந்த வேலை?" என்று போனில் திட்டிக்கொண்டே இருந்த சித்தப்பா, உளிகளைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துக்கொண்டு விமானம் ஏறினார்.

தம்பிக்கு இந்த ஆசையை மூட்டியவர் ரிச்சர்ட் புரென்னகி. 1968இல், 52 வயதில், அலாஸ்காவின் ட்வின் லேக்ஸ் ஏரிக்கரையில் கைக்கருவிகளைக் கொண்டு தனியாளாக மரவீடு கட்டி, ஏறக்குறைய 30 ஆண்டுகள் வாழ்ந்தவர். கதவின் கீலைக்கூட மரத்திலேயே செதுக்கியிருக்கிறார். அந்தப் படத்தைச் சித்தப்பா போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

ஃபேர்பேங்க்ஸிலிருந்து எலியட் நெடுஞ்சாலையில் ஒன்றரை மணி நேரம் போக வேண்டும். அதன் பிறகு சேற்றுப் பாதை. கால் வைத்தால் பாசி மெத்தைபோல் அமுங்கி, தண்ணீர் ஷூவுக்குள் ஏறுகிறது. பட்டப்பகலிலும் கொசு மொய்க்கிறது. இரும்பு அடுப்பு, ஜன்னல் கண்ணாடி, கூரைத் தகரம் எல்லாவற்றையும் மார்ச் மாதமே, நிலம் உறைந்து கெட்டியாக இருந்தபோது, பனிவண்டியில் இழுத்து வந்துவிட்டான் தம்பி. கோடையில் கனமான எதையும் அந்த வழியே கொண்டுபோக முடியாது.

அங்கே மனையின் தரத்தை மரங்கள்தான் சொல்கின்றன. குட்டையாக, அங்கங்கே சாய்ந்து நிற்கும் கறுப்பு ஸ்ப்ரூஸ் என்ற ஊசியிலை மரக் கூட்டம் இருந்தால், அடியில் ஆண்டு முழுவதும் உருகாத உறைநிலம் இருக்கலாம். பிர்ச், ஆஸ்பென் என்ற இலையுதிர் மரங்கள் வளர்ந்த தெற்குச் சரிவில் பெரும்பாலும் அது இருக்காது. உறைநிலத்தின்மேல் வீட்டை ஒட்டி உட்காரவைத்தால், வீட்டுச் சூடு கீழே இறங்கி, பனி உருகி, வீடே ஒருபக்கம் சரியும். தம்பி பிடித்திருந்தது பிர்ச் சரிவு. அப்படியும் சரளை பரப்பித் தூண்கள் நிறுத்தி, வீட்டுக்கு அடியில் காற்று ஓட 2 அடி விட்டிருந்தான். கடைக்கால் தோண்டாத அந்த வீட்டைச் சித்தப்பா மூன்று தடவை சுற்றி வந்தார், ஒன்றும் பேசவில்லை.

வெள்ளை ஸ்ப்ரூஸ் மரங்களை இரண்டு கைப்பிடி வைத்த கத்தியால் நெஞ்சை நோக்கி இழுத்து உரிக்க வேண்டும். பட்டை நீளநீளமாகக் கழன்று வர, உள்ளே ஈரம் மினுங்கும், பிசின் வாசனை எழும். ஒரு மணி நேரத்தில் சித்தப்பாவுக்குக் கை பழகிவிட்டது. சூரியன் மறைவதே நள்ளிரவு தாண்டித்தான். மூன்று மணிக்கு மறுபடி எழுந்துவிடுகிறது. இருட்டவே இல்லையென்பதால் அவருக்கு வேலையை நிறுத்த மனம் வரவில்லை.

நிலை வைப்பதில்தான் தகராறு வந்தது. நம் ஊரில் நல்ல நாள் பார்த்து முதலில் நிலையை நிறுத்துவோம். சுவர் அதை அணைத்துக்கொண்டு எழும். அங்கே சுவரை முழுதாக எழுப்பிவிட்டு, அப்புறம் சங்கிலி ரம்பத்தால் வாசலை அறுத்தார்கள். அதைக்கூடச் சித்தப்பா பொறுத்துக்கொண்டார். நிலைக்கு மேலே 4 அங்குலம் சந்து விட வேண்டும் என்றதும் உளியைக் கீழே வைத்துவிட்டார். "சந்து விட்டு நிலை வைத்தால் ஊர் என்னைத் தச்சன் என்று சொல்லுமா?"

தம்பி பொறுமையாக விளக்கினான். பச்சை மரம் காயக் காய ஒடுங்கும். வரிசை வரிசையாக ஒடுங்கி, சுவரே சில அங்குலம் கீழே இறங்கும். சந்து இல்லையென்றால் மேல்மரம் நிலையின்மேல் தொங்கி நின்றுவிடும். வரிசைகளுக்கு நடுவே இடைவெளி விழுந்து குளிர் உள்ளே வரும். ஆகவே நிலையைச் சுவரோடு ஆணியடிக்கக் கூடாது. மரமுனைகளில் மேலிருந்து கீழாக ஒரு காடி, அதாவது நீளப் பள்ளம், வெட்டி, அதில் ஒரு கட்டையைச் செருகி, அந்தக் கட்டையோடு மட்டும் நிலையை இணைக்க வேண்டும். சுவர் கட்டையை உரசிக்கொண்டு இறங்கும், நிலை அசையாது.

சித்தப்பா வெகுநேரம் காடியைத் தடவிப் பார்த்தார். பிறகு அதை அவரே இழைத்தார், காகிதம் நுழையாத அளவுக்கு. பெரம்பூரிலிருந்து கொண்டுவந்த மஞ்சளைக் குழைத்து நிலையில் பூசி, குங்குமம் வைத்தார். மேல்சந்தில் கம்பளிப் பஞ்சை அடைத்து ஒரு பலகையால் மூடினோம். அந்தப் பலகைக்கும் மேல்பக்கம் மட்டும்தான் ஆணி.

தண்ணீர் ஓடையிலிருந்து வாளியில் வரும். காய்ச்சித்தான் குடிக்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எங்கள் தெருவில் மின்சாரம் இல்லாமல் குடம் எண்ணிச் செலவழித்தது நினைவுக்கு வந்தது. தம்பி அந்தக் கணக்கை மாதக்கணக்கில் போட வேண்டும். டிசம்பர் கடைசியில் அங்கே பகல் 4 மணி நேரம்கூட இல்லை, சூரியத் தகடு பெயருக்குத்தான். குளிர் மைனஸ் 40 டிகிரிக்கு இறங்கும். வீட்டின் உயிர் அடுப்பிலும் வெட்டி அடுக்கிய விறகிலும் இருக்கிறது. அந்த அடுக்கைப் பார்த்த பிறகுதான் சித்தப்பா மகனைத் திட்டுவதை நிறுத்தினார்.

முதல் குளிர்காலம் முடிந்து, போன வாரம் தம்பி படம் அனுப்பியிருந்தான். பலகையைக் கழற்றி அளந்திருக்கிறான்: சந்து இப்போது இரண்டே முக்கால் அங்குலம். கதவு பிடிக்காமல் திறந்து மூடுகிறதாம். சித்தப்பா காதிலிருந்த பென்சிலை எடுத்து, கடைச் சுவரில் மற்ற அளவுகளுக்குப் பக்கத்தில் அதை எழுதிவைத்தார்.