ஆவி பிடித்த கோழிகள்

சவூதியில், கசீம் பக்கத்துக் கோழிப் பண்ணை ஒன்றில் ஆறு வருடம் வேலை செய்தேன். எனக்குத் தந்த பொறுப்பு கூலிங் பேட். கொட்டிலின் ஒரு பக்கத்தில் சுவர்போல நிற்கும் தடித்த அட்டை அது, தேன்கூடு மாதிரிக் கண் கண்ணாக இருக்கும். மேலிருந்து தண்ணீர் வழிய, எதிர்ப்பக்கத்துப் பெரிய ஃபேன்கள் அதனூடாகக் காற்றை இழுக்கும். வெளியே 45 பாகை, உள்ளே 28. முதல் நாள் ஏதோ சித்து வேலை என்றே நினைத்தேன்.

மணற்காற்று அடித்தால் அந்தக் கண்ணெல்லாம் அடைபடும். நிலத்தடித் தண்ணீரின் உப்பு வெள்ளையாகப் படியும். இரண்டையும் கழுவிக் கழுவியே கை வெந்துபோனது. ஒரு மதியம் பம்பு நின்று, யாரோ "மோயா மாபி!", தண்ணீர் இல்லை, என்று கத்திக்கொண்டு ஓடிவந்தான். நான் உள்ளே போனபோது அத்தனை கோழியும் வாயைப் பிளந்து, செட்டையைத் தூக்கிக்கொண்டு நின்றன. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அதன் உடம்புச் சூடே 41 பாகை அளவில் இருக்கும். மூச்சிரைத்து, வாயின் ஈரத்தை ஆவியாக்கித்தான் சூட்டை வெளியே தள்ளும்.

இதையெல்லாம் கண்ட அனுபவசாலி என்ற நினைப்போடு ஊருக்கு வந்தேன். திருகோணமலைப் பக்கம், சாம்பல்தீவில் எங்கள் வளவில் 200 முட்டைக்கோழிக்குத் தகரக் கொட்டில் போட்டேன். கூலிங் பேட்டுக்குக் காசில்லை, அதனால் கூரைக்கு அடியில் பனிபோலத் தூவுகிற தெளிப்புக் குழாய் பூட்டினேன். மே மாதம், 33 பாகைதான். கசீமில் இந்தச் சூட்டுக்கு நாங்கள் சட்டைப் பொத்தானைக்கூடக் கழற்றமாட்டோம். குழாயைத் திறந்துவிட்டுப் பெருமையாக நின்றேன்.

பக்கத்து வளவுப் பெரியம்மா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். "என்ன தம்பி, கோழியளுக்கு ஆவி பிடிக்கிறீங்களோ?"

எனக்குக் கோபம்தான் வந்தது. இரண்டு நாளில் பதினொரு கோழி செத்தது.

கசீமின் கோடைக் காற்றில் ஈரப்பதன் 10 வீதம் அளவில்தான் இருக்கும். அந்தக் காற்று தண்ணீரைக் குடிக்கும், குடித்துக் குளிரும். எங்கள் கடற்கரைக் காற்று ஏற்கெனவே வயிறு நிரம்பி இருக்கிறது. அதற்குள் நான் இன்னும் தண்ணீரைத் தூவினால், கோழி எவ்வளவு இரைத்தாலும் வாயின் ஈரம் ஆவியாக இடமேது? பெரியம்மா பகிடிக்குச் சொன்னது சரியான கணக்கு.

குழாயைக் கழற்றினேன். பக்கப் பலகைகளை உடைத்து வலை அடித்தேன். கடற்காற்று வரட்டும் என்று நீளப் பக்கத்தைக் கிழக்கே பார்த்துக் கட்டியிருந்தேன், அது இன்னொரு பிழை. காலை வெயிலும் மாலை வெயிலும் நேரே உள்ளே விழுந்தன. கொட்டிலைத் திருப்பவா முடியும்? தாழ்வாரத்தை நீட்டி, தகரத்துக்கு மேல் கிடுகு வேய்ந்தேன். தீன் விடிய ஒரு தரம், வெயில் சாய்ந்து ஒரு தரம். தின்றது செரிக்கிற சூடு உச்சி வெயிலோடு சேரக்கூடாது. அப்புறம் தண்ணீர்த் தாங்கி. மதியம் கை வைத்தால் கன்னியா வெந்நீரூற்று! கோழி எப்படிக் குடிக்கும்? அதை வேப்ப மரத்தடிக்கு மாற்றினேன். 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் நின்றபோதும் இந்தக் கொட்டிலுக்கு ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் அதில் கரண்டால் ஓடுகிற சாமானே இல்லை.

ஆனால் கச்சான் காலம் வேறு. மேற்கே மலை தாண்டி வருகிற அந்தக் காற்று ஈரத்தை அங்கேயே கொட்டிவிட்டு, காய்ந்து சுட்டுக்கொண்டு வரும். அந்த மதியங்களில் மேற்குப் பக்கம் இடைவெளி விட்டு நனைத்த சாக்குகளைத் தொங்கவிட்டால் நன்றாகவே குளிர்கிறது. கடற்காற்று திரும்பியதும் அவிழ்த்துவிட வேண்டும். மறந்தால் பழையபடி ஆவிதான்.

துப்புரவும் அப்படித்தான். அங்கே பேட்டுக்குக் கிட்டத்தான் கோழிக்குத் தரையில் பரப்பிய படுக்கை நனையும். மற்ற இடமெல்லாம் எச்சம் காய்ந்து தூளாகும். இங்கே மழை பிடித்தால் தம்பலகாமத்து உமி கட்டி கட்டியாகிறது, கண்ணை எரிக்கும் அமோனியா வாடை. கசீமில் எங்கள் முதீர் (மேலாளர்), ஓர் எகிப்துக்காரர், கொட்டிலுக்குள் குந்தி கோழியின் உயரத்தில் மூக்கை வைத்து மணந்து பார்ப்பார். நிமிர்ந்து நிற்கிற ஆளுக்குத் தெரியாத நெடி அங்கே இருக்கும். நானும் மார்கழி விடியல்களில் குந்துகிறேன், மனைவிக்குச் சிரிப்பு. கட்டியான உமியை அள்ளி வெளியே போட்டு, காய்ந்ததைப் பரப்பிக் கிளறுவேன். சுண்ணாம்பு தூவச் சொல்பவர்கள் உண்டு. ஈர எருவில் தூவினால் நெடி இன்னும் கிளம்பும். கொட்டில் காலியான பிறகுதான் எனக்குச் சுண்ணாம்பு.

வடகிழக்கு மூலை மட்டும் இன்னும் வழிக்கு வரவில்லை. வாடைக்காற்று அடிக்கும்போது தறப்பாள் கட்டினால் காற்று நிற்கிறது, கட்டாவிட்டால் உமி நனைகிறது. போன மழைக்குப் பாதி உயரத்துக்குக் கட்டிப் பார்த்தேன். இந்த முறை இன்னும் ஒரு முழம் இறக்கவேண்டும்.