ரசவாத அலகுக்குப் பாதரசம் போதும்

முடிவு வந்துவிட்டது. முதுகலை அறிவியல் வரலாற்றுத் தாளில் எல்லாரும் ஒதுக்கிவைக்கும் ரசவாத அலகுதான் என்னைக் கரைசேர்த்தது. விடைத்தாள் நகல் வாங்கிப் பார்த்து உறுதிசெய்துகொண்ட பிறகே இதை எழுதுகிறேன்.

சொல்ல வந்தது ஒன்றுதான். பெயர்களை வரிசையாக மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரே ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டு அது போகும் வழியெல்லாம் போங்கள். நான் பிடித்தது பாதரசம்.

பாதரசத்தையும் கந்தகத்தையும் சேர்த்து அரைத்தால் கறுக்கும். அதைப் பதங்கமாக்கினால், அதாவது சூட்டில் ஆவியாக்கி மீண்டும் திடமாகப் படியவிட்டால், லிங்கம் என்னும் சிவந்த பாதரசச் சல்பைடு கிடைக்கும். சித்த மருத்துவம் அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. இந்தச் செய்முறை மனத்தில் நின்றுவிட்டால், ஜாபிர் இப்னு ஹய்யான் பெயரில் வழங்கும் அரபு நூல்கள் எல்லா உலோகங்களும் கந்தகமும் பாதரசமும் கூடிப் பிறந்தவை என்று ஏன் சொல்லின என்பது தானாகவே விளங்கும். கண்ணெதிரே பொருள் உருமாறுகிறது. அளவை மாற்றினால் ஈயமும் பொன்னாகலாம் என்று அவர்கள் எண்ணியதில் நியாயம் இருந்தது. விடையில் அந்த நியாயத்தை எழுதுங்கள். 'மூடநம்பிக்கை' என்று ஒரே சொல்லில் கடந்துபோவது அவர்களுக்குச் செய்யும் அநீதி.

கடைகளில் விற்கும் கையேடு ஒன்றின் மீது எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. 1661இல் ராபர்ட் பாயில் நூல் எழுதினார், அத்தோடு ரசவாதம் முடிந்தது, வேதியியல் பிறந்தது என்று அதில் இருக்கிறது. அதை நம்பி எழுதாதீர்கள். உலோகத்தைப் பொன்னாக்க முடியும் என்று பாயிலே நம்பினார். பொன் பெருக்குவதைத் தடைசெய்த 1404ஆம் ஆண்டுச் சட்டத்தை இங்கிலாந்து 1689இல் நீக்கியபோது, அதற்காக முயன்றவர்களில் அவரும் ஒருவர். நியூட்டனும் ரசவாதம் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிவைத்திருக்கிறார். ஒரே நாளில் மூடித் திறந்த கதவு எதுவும் இல்லை.

மாற்றம் எங்கே என்று கேட்டால், தராசில். நெடுவினாவில் எனக்குக் கைகொடுத்தது பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியேயின் சோதனை. 4 அவுன்ஸ் பாதரசத்தை அடைபட்ட காற்றோடு 12 நாள் சூடாக்கினார். 50 கன அங்குலக் காற்று 42 அல்லது 43 கன அங்குலமாகக் குறைந்தது. பாதரசத்தின் மேல் சேர்ந்த சிவப்புத் தூள் 45 கிரெயின் (பழைய சிறு எடை அலகு). அதைத் தனியே இன்னும் கடுமையாகச் சூடாக்கியதும் 41½ கிரெயின் பாதரசமும், குறைந்துபோன அளவுக்கு வாயுவும் திரும்பக் கிடைத்தன. இந்த எண்களை அப்படியே எழுதுங்கள். ரசவாதி கையாண்ட அதே பொருள், அதே அடுப்பு. கூடுதலாக, போனதற்கும் வந்ததற்கும் கணக்கு.

குறுவினாவுக்கு:

– மரியா, சோசிமோஸ் (பழங்கால ரசவாதிகள்): எகிப்து. வடிகலன்.
– அல் ராசி: பொருள்களைத் தாவரம், விலங்கு, கனிமம் எனப் பிரித்தது.
– ஹென்னிக் பிராண்ட், ஹாம்பர்க், 1669: பொன் தேடிச் சிறுநீரைக் காய்ச்சினார்; பாஸ்பரஸ் கிடைத்தது.
– பிரீஸ்ட்லி, 1774: சிவப்புப் பாதரச ஆக்சைடிலிருந்து ஆக்சிஜன்.
– வங்க வேதியியலாளர் பி. சி. ராய்: இந்து வேதியியல் வரலாறு, இரண்டு தொகுதிகள், 1902, 1909. அவர் புகழ்பெற்றதும் பாதரசச் சேர்மத்தால்தான், மெர்குரஸ் நைட்ரைட், 1896.

லிங்கம் சல்பைடு, பிரீஸ்ட்லி எடுத்தது ஆக்சைடு. இரண்டும் சிவப்பு என்பதால் குழப்பிவிடாதீர்கள். சித்தர் போகருக்கு நூற்றாண்டு போடாதீர்கள். அது இன்னும் முடியாத விவாதம்.

குழுவாகப் படிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. சென்னை எழும்பூர் கன்னிமாரா நூலகத்தில் காலையிலேயே தனியாகப் போய் உட்காருங்கள். சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்க வேண்டுமானால் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். எதையும் கையால் எழுதிப் படியுங்கள். வாலை என்னும் வடிகலனின் படத்தைப் பார்க்காமல் வரையப் பழகுங்கள்.

'ரசவாதிகளின் கனவு நிறைவேறியதா?' என்று கேட்டால் அங்கேயும் பாதரசம் வரும். அதன் அணு எண் 80, பொன்னுக்கு 79. 1941இல் பாதரசத்தின் மீது வேக நியூட்ரான்களை மோதவிட்டுக் கதிரியக்கப் பொன்னை உண்டாக்கினார்கள். வேதிவினை எலக்ட்ரான்களோடு நின்றுவிடும், அணுக்கருவைத் தொடாது. ஆகவே ரசவாதிகளின் எந்த அடுப்பிலும் அது நடந்திருக்காது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். அந்த ஒரு வரிக்குத்தான் என் தாளில் திருத்தியவர் அடிக்கோடிட்டிருந்தார்.