ஒரே சண்டை, மூன்று ரூல் புக்

அசாயே சண்டையை, மேஜையில் பொம்மைச் சிப்பாய்களை நகர்த்தி ஆடும் போர் ஆட்டமாக, மூன்று வெவ்வேறு ரூல்ஸில் ஆடிப் பார்த்தாகிவிட்டது. ஆறு மாதமாக சாப்பாட்டு மேஜை எங்களுக்கு இல்லை என்று வீட்டில் புகார். அது கொஞ்சம் மிகைதான், சனிக்கிழமைகளில் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தெரியாதவர்களுக்கு: 1803 செப்டம்பர் 23. ஆங்கிலேயத் தளபதி ஆர்தர் வெல்லெஸ்லி, அதாவது பின்னாளில் வாட்டர்லூவில் ஜெயித்த வெலிங்டன், சிந்தியா, போன்ஸ்லே என்ற மராத்தா மன்னர்கள் இருவரின் சேனையோடு மோதிய சண்டை. வெல்லெஸ்லி பக்கம் மெட்ராஸ் காலாட்படை பட்டாலியன்கள் 5, ஸ்காட்லாந்து ரெஜிமெண்டுகள் 2, அப்புறம் குதிரைப்படை. எதிரே போல்மன் என்ற ஹனோவர்காரர் பழக்கிய பட்டாலியன்களும் 100 பீரங்கிக்கு மேலும்.

முதலில் எடுத்தது பழைய புத்தகம் ஒன்று, பெயர் வேண்டாம். சுடுவதற்கு ஒரு அட்டவணை, அதைத் திருத்த இன்னொரு அட்டவணை. நாலு மணி நேரத்தில் இரண்டே சுற்று. வெல்லெஸ்லி கேல்னா ஆற்றையே தாண்டவில்லை, நாங்கள் மூன்றாவது டீக்கு வந்துவிட்டோம். மூடி வைத்தாயிற்று.

அடுத்தது ஷார்ப் பிராக்டிஸ். இதில் மொத்த சண்டையும் வராது, ஒரு கம்பெனி, ரெண்டு கம்பெனி அளவுதான், அதனால் ஸ்காட்லாந்து ரெஜிமெண்டுகளில் ஒன்றான 74-வது மாட்டிக்கொண்ட மூலையை மட்டும் எடுத்தோம். ஒவ்வொரு அதிகாரிக்கும் ஒரு சீட்டு. யார் சீட்டு வருகிறதோ அவர் தன் ஆட்களை நகர்த்தலாம். சீட்டுக்கட்டில் ‘டிபன்’ என்றே ஒரு சீட்டு உண்டு, சத்தியமாக. அது வந்தால் சுற்று முடிந்தது. இங்கிலாந்துக்காரர்கள் எழுதிய ஆட்டத்தில் நம்ம ஊர் டிபன் வந்து சண்டையை நிறுத்துவதைப் பார்த்து முதல் பத்து நிமிஷம் நண்பன் சிரித்துக்கொண்டே இருந்தான், அப்புறம் அவன் கேப்டன் சீட்டு வருவதற்கு முன்னால் மூன்று சுற்று தொடர்ந்து டிபன் வந்ததும் சிரிப்பு நின்றுபோனது. அருமையான ஆட்டம். ஆனால் நான் கேப்டனாகத்தான் இருந்தேன், வெல்லெஸ்லியாக இல்லை. அசாயேயில் எனக்கு வேண்டியது அந்த நாற்காலி.

கடைசியாக பிளாக் பவுடர், 2009-இல் வந்தது. இதை ரொம்ப நாள் தள்ளிப்போட்டதற்குக் காரணம் மேஜை. ஒரு நகர்வுக்குக் காலாட்படை 12 அங்குலம் போகும், டைஸ் நன்றாக விழுந்தால் ஒரே சுற்றில் மூன்று நகர்வு, அதாவது 36. எங்கள் மேஜையின் அகலமே 48. எல்லா அளவையும் பாதியாக்கியதும் பிரச்சினை தீர்ந்தது, இதை யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம். பொம்மைகளையும் பிடுங்கி மறுபடி ஒட்டத் தேவைப்படவில்லை. என் 15 மி.மீ ஆட்கள் செல்லாத 25 பைசா நாணயத்தில் ஒட்டியவர்கள். நாணயம் எஃகு, அடியில் காந்தத் தகடு வைத்தால் பட்டாலியனாக நிற்பார்கள், எடுத்தால் தனி ஆள். இரண்டு தரப்பின் வரிசையும் ஒரே அகலத்தில் இருந்தால் பிளாக் பவுடருக்குப் போதும்.

இந்த ரூல்ஸில் கட்டளையை வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் இரண்டு டைஸ் உருட்ட வேண்டும். ஒவ்வொரு தளபதிக்கும் ஒரு திறமை எண் உண்டு, அதற்கு எவ்வளவு கீழே விழுகிறதோ அதற்கேற்ப நகர்வு. இரண்டும் 6 என்றால் உளறல்: யூனிட் சொன்னதை விட்டுவிட்டு வேறெங்காவது போகும். பெரிய சேனையில் கட்டளை கைமாறும்போது நடப்பதும் இதுதானே.

நிஜத்தில் என்ன நடந்தது? அசாயே கிராமத்தின் பக்கம் போகாதே என்று, பிக்கெட்டுகளை, அதாவது முன்னே போகும் காவல் படையை, நடத்திய ஓரக் என்ற அதிகாரிக்கு உத்தரவு. அவர் வலப்பக்கமாக விலகி நேராக அங்கேயே போனார், பின்னால் வந்த 74-வது ரெஜிமெண்டும் தொடர்ந்தது. வரிசையில் ஓட்டை விழுந்தது, மராத்தா குதிரைப்படை பாய்ந்தது, 74 சதுரமாக நின்று சிதைந்துகொண்டிருந்தபோது மேக்ஸ்வெல்லின் குதிரைப்படை வந்துதான் மிச்சமானவர்களைக் காப்பாற்றியது.

எங்கள் ஆட்டத்தில் வெல்லெஸ்லி என் நண்பன். “74 பிக்கெட்டுகளுக்குப் பின்னாலேயே நேரா போகட்டும்” என்றான். உருட்டினான். 6, 6. அட்டவணையைப் பார்த்தால் வலப்பக்கம். அசாயே இருப்பதும் வலப்பக்கம். இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அதோடு நான் முடிவு செய்துவிட்டேன், அசாயேக்கு பிளாக் பவுடர்தான். பிளாக் பவுடரில் குறை இல்லாமல் இல்லை. ஒரு தளபதி ஒருமுறை உருட்டித் தவறினால் அந்தச் சுற்றில் அவர் மேற்கொண்டு கட்டளை தரமுடியாது, சேனையின் இடப்பக்கம் முழுக்க சும்மா நிற்கும், எரிச்சலாக வரும். சமநிலை வேண்டும், ஜெயிக்க வேண்டும் என்பவர்களுக்கு இது சரிப்படாது. வார நாள் ராத்திரியில் ஒன்றரை மணி நேரம் கிடைத்தால் நான் இன்னும் டிபன் சீட்டைத்தான் எடுப்பேன்.

ஒன்று மட்டும் இன்னும் படியவில்லை. அசாயேயில் மராத்தா பீரங்கிக்காரர்களில் சிலர் செத்தது போலக் கிடந்து, ஆங்கிலேயர் தாண்டிப் போனதும் எழுந்து முதுகில் சுட்டார்கள். பிளாக் பவுடரில் பீரங்கி விழுந்தால் விழுந்ததுதான், அதனால் நாங்களாக ஒரு விதி சேர்த்திருக்கிறோம்: தாண்டிப் போன பீரங்கிக்கு ஒரு டைஸ், 5 அல்லது 6 விழுந்தால் மறுபடி உயிர். 4-லேயே எழ வேண்டும் என்கிறான் நண்பன், அடுத்த ஆட்டத்தில் போல்மன் அவன் என்பதால்.