முதல் விமானப் பயணம்: பறப்பதைவிடக் கடினமாக இருந்த மூன்று மணி நேரம்

பயணத்துக்கு முந்தைய இரவு முழுவதும் நான் பயந்ததெல்லாம் வானத்தைப் பற்றித்தான். இறக்கை எவ்வளவு வளையும், நடுவானில் குலுங்கினால் என்ன ஆகும் என்று காணொளிகளாகத் தேடிப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, பயணச்சீட்டில் அச்சிட்டிருந்த நேரம் எதைக் குறிக்கிறது என்று ஒருமுறைகூட யோசிக்கவில்லை. அது நாம் ஏறவேண்டிய நேரம் அன்று. விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகரும் நேரம். வெளிநாட்டு விமானம் என்றால் பெட்டிகளை வாங்கிக்கொள்ளும் கவுண்டரைப் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுகிறார்கள். ஏறும் வாயிலும் புறப்பாட்டுக்குக் கால் மணி நேரம் முன்னதாகவே அடைபட்டுவிடுகிறது. மூன்று மணி நேரம் முன்னால் போய்ச் சேர் என்று நண்பர் ஒருவர் நச்சரித்திராவிட்டால், ரயிலுக்குக் கிளம்புகிற கணக்கில் கிளம்பி நான் வாசலிலேயே நின்றிருப்பேன்.

முந்தைய நாளே இணையத்தில் செக்-இன் செய்து, போர்டிங் பாஸைக் கைபேசியில் வைத்திருந்ததால் வேலை முடிந்துவிட்டது என்று நினைத்தேன். பெட்டியை ஒப்படைக்க வரிசையில் நின்றே ஆகவேண்டும் என்பது அங்கே போனபிறகுதான் தெரிந்தது. என் முறை வந்ததும் கவுண்டரில் இருந்த பெண்மணி, “பெட்டிக்குள் பவர் பேங்க் ஏதும் வைத்திருக்கிறீர்களா?” என்று கேட்டார். வைத்திருந்தேன், அதுவும் அடியிலேயே. பின்னால் நின்றவர்கள் பார்த்துக்கொண்டிருக்க, தரையில் மண்டியிட்டு, மடித்து வைத்த துணிகளையெல்லாம் வெளியே அள்ளிப் போட்டு அதைத் தேடி எடுத்த அந்த ஐந்து நிமிடங்களைப்போல் நடுவானில்கூட எனக்கு வியர்க்கவில்லை.

அவர் கேட்டதற்குக் காரணம் உண்டு. லித்தியம் மின்கலம் சூடேறித் தீப்பிடித்தால், பயணிகள் இருக்கும் பகுதியில் பணியாளர்கள் உடனே பார்த்து அணைக்க முடியும். சரக்கறைக்குள் பறக்கும்போது யாரும் போக முடியாது. அதனால்தான் அதைக் கைப்பையில் மட்டுமே எடுத்துச்செல்ல விடுகிறார்கள். பொதுவான வரம்பு 100 வாட்-மணி. என்னுடையது 20,000 மில்லி ஆம்பியர்-மணி, 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 74 வாட்-மணி என்பதால் தப்பியது. அதன்மேல் அச்சிட்ட அளவு அழிந்துபோயிருந்தால் பறிமுதல் செய்துவிடக்கூடும் என்பதால், அந்த எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றனவா என்று வீட்டிலேயே பார்த்துக்கொள்வது நல்லது. 2025இல் பல விமான நிறுவனங்கள் பறக்கும்போது பவர் பேங்கைப் பயன்படுத்துவதற்கே தடை விதித்துவிட்டன. ஆகவே கைபேசிக்கு முழுவதுமாகச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு ஏறவேண்டிய காலம் இது.

பாதுகாப்புச் சோதனையில் என் ஷாம்பு குப்பி போயிற்று. அதில் கால்வாசிகூட இல்லையே என்று வாதாடிப் பார்த்தேன். உள்ளே இருப்பது எவ்வளவு என்பது கணக்கில்லையாம். குப்பியின் கொள்ளளவே 100 மில்லிலிட்டரைத் தாண்டக்கூடாதாம். திரவ வெடிபொருள்களால் விமானங்களைத் தகர்க்கும் சதி ஒன்று 2006இல் அம்பலமானதிலிருந்து வந்த கட்டுப்பாடு இது. பையின் உள்ளே இருப்பதை முப்பரிமாணமாகக் காட்டும் புதிய ஸ்கேனர்கள் வந்த சில நிலையங்களில் இதைத் தளர்த்தி வருகிறார்கள். ஆனால் புறப்படும் இடத்தில் தளர்த்தியிருந்தாலும் மாறும் இடத்தில் அப்படி இருக்கவேண்டும் என்பதில்லை. சிறிய குப்பிதான் நிம்மதி.

ஏறும் வாயிலின் எண்ணை இடையில் மாற்றிவிட்டார்கள். திரையைப் பார்த்துக்கொண்டே இருந்ததால் ஓட நேரவில்லை.

விமானம் மேலெழுந்த சில நொடிகளில் காலுக்கடியில் ‘தடால்’ என்று ஒரு சத்தம் கேட்டது. சக்கரங்கள் உள்ளே போய் மூடிக்கொள்ளும் ஓசை அது. அடுத்துத்தான் உண்மையான பயம்: அதுவரை உறுமிக்கொண்டிருந்த எஞ்சின் சட்டென்று அடங்கியது, கீழே விழுவதுபோல் வயிறு நழுவியது. ஓடுபாதையிலிருந்து எழும்ப வேண்டிய உச்ச விசை அதன்பிறகு தேவையில்லை என்பதால் விசையைக் குறைக்கிறார்கள். விமானம் ஏறிக்கொண்டேதான் இருக்கிறது. பக்கத்து இருக்கைப் பெரியவர் இதைச் சொல்லாமல் புன்னகை மட்டும் செய்தார். அந்த நேரத்தில் அதுவே போதுமாக இருந்தது.

காது அடைப்பு ஏறும்போதைவிட இறங்கும்போதுதான் படுத்தியது. எவ்வளவு உயரத்தில் பறந்தாலும் உள்ளே காற்றழுத்தம் ஏறக்குறைய 8,000 அடி மலைமேல் இருக்கும் அழுத்தத்துக்கு ஈடாகவோ அதைவிடச் சற்றுக் கூடுதலாகவோ வைக்கப்படுகிறது. இறங்கும்போது அது மீண்டும் கூடுகையில், நடுச்செவிக்கும் தொண்டைக்கும் இடையிலுள்ள குழாய் எளிதில் திறப்பதில்லை. எனக்குச் சளி வேறு. எச்சிலை விழுங்குவதும் கொட்டாவி விடுவதும் பயன் தந்தன. இறங்கத் தொடங்கும் நேரத்தில் தூங்கிவிட்டதுதான் நான் செய்த தவறு. தூக்கத்தில் நாம் அடிக்கடி விழுங்குவதில்லை.

பட்டையில் சுற்றி வந்த என் பெட்டியில் ஒரு சக்கரம் இல்லை. வீட்டுக்குப் போய் மின்னஞ்சல் அனுப்பலாம் என்று நகரப் பார்த்தவனை, அங்கேயே விமான நிறுவனத்தின் முகப்பில் புகாரைப் பதிவுசெய்து அதன் எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள் என்று சக பயணி ஒருவர் தடுத்தார். வெளிநாட்டுப் பயணங்களுக்கு 1999ஆம் ஆண்டின் மாண்ட்ரியல் உடன்படிக்கை பொருந்தும் இடங்களில், பெட்டி சேதமடைந்தால் கையில் கிடைத்த ஏழு நாள்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். முகப்பில் முதலில் கேட்டது, செக்-இன்னில் தந்த சிறு ஒட்டுச்சீட்டை. நல்லவேளை, தூக்கி எறியாமல் கடவுச்சீட்டுக்குள் வைத்திருந்தேன். பதிவு முடிந்து எண் கைக்கு வந்தபிறகு, கைப்பிடியில் சுற்றியிருந்த நீளச் சீட்டையும் பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்த சின்னப் பட்டைக்குறியையும் அங்கேயே கிழித்தெடுத்தேன். அடுத்த பயணத்தில் இயந்திரம் பழைய குறியைப் படித்துப் பெட்டியை வேறு ஊருக்கு அனுப்பிவிடக்கூடும் என்று முகப்பில் இருந்தவர் சொன்னார்.